ருசி பார்க்காத குசினிக்காரர்

எழுத உட்கார்ந்ததே தப்போ என்று இன்னும் தோன்றுகிறது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் நான். உறவுக்காரர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் பேனாவுக்கு வேலை கொடுத்ததில்லை. நாலு பேர் நடுவில் எழுந்து பேசச் சொன்னால் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு மனிதரைப் பற்றி, அதுவும் அவர் போய்ச் சேர்ந்த பிறகு, எழுதத் துணிந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் பேரை எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. சாமியார் வீட்டுக் குசினியில் சமைத்ததால் எல்லோருக்கும் குசினிக்காரர். நான் மட்டும் பெரிப்பா என்பேன். உறவு கிடையாது. எங்கள் தெருவில் வயதில் மூத்தவர், அவ்வளவுதான்.

எங்கள் கிறிஸ்தவக் கோயில் திண்டிவனத்தில் ஊர்க்கோடியில் இருந்தது. கோயிலுக்குப் பின்னால் சாமியார் வீடு. அதற்குப் பின்னால் குசினி. குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு துவைகல். பூசைத் துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுப்பது என் வேலை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, யுத்தம் முடிந்து வெகுநாள் வரைக்கும் செய்தேன். துவைத்துக்கொண்டிருக்கும்போது குசினியிலிருந்து குரல் வரும்.

"எம்மா, கைய தொடச்சிக்கினு வா. உப்பு பாரு."

போவேன். கரண்டியிலிருந்து என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். நக்கிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்குது பெரிப்பா" என்பேன். இல்லையென்றால் "ஒரு கல்லு போடலாம்" என்பேன். ஒரு கல்லு என்று சொன்னால் ஒரே ஒரு கல் உப்புதான் போடுவார். திரும்பக் கேட்கமாட்டார். நான் வராத நாளில் தோட்டக்காரனைக் கூப்பிடுவார். அவனும் இல்லையென்றால் வாசலில் போகிற யாராவது. ஒரு தடவை பிச்சைக்கு வந்த கிழவியை உள்ளே அழைத்து மீன்குழம்பைப் பார்க்கச் சொன்னார். "காரம் பத்தல" என்று சொல்லிவிட்டு அவள் சோறும் கேட்டாள். காரத்தைச் சேர்த்துவிட்டு அவளுக்குச் சோறும் போட்டார்.

அவர் மட்டும் நாக்கில் வைக்கமாட்டார். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை.

சமையல் மோசமாக இருந்ததா என்றால், இல்லை. மூக்காலும் காதாலும் சமைத்தார் என்று சொல்லலாம். குழம்பு கொதிக்கிற சத்தம் மாறினால் வெளியில் விறகு பிளந்துகொண்டிருந்தாலும் தெரிந்துவிடும். "சத்தம் கனமா ஆயிடுச்சி, எறக்கு எறக்கு" என்று ஓடுவார். கறி வெந்ததா என்று முகர்ந்து சொல்வார். உப்புக்கு மட்டும் மூக்கில் வழியில்லை. அதற்குத்தான் நான்.

ஊரில் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். சாமியார் சாப்பிடுவதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில் ஆகிவிடும், அதனால்தான் பார்ப்பதில்லை என்று. எங்கள் ஜனங்கள் வேதத்தில் சேர்ந்து தலைமுறைகள் ஆகியும் எச்சில் பார்ப்பதை விடவில்லை. ஆனால் எங்கள் உபதேசியார் இதை ஒப்பமாட்டார். கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பதும் சாமியாருக்கு ஊர்ச் சேதி சொல்வதும் அவர் வேலை. பரிகாசக்காரர்.

"ஏன்யா, ஒன் எச்சிலுதான் எச்சிலு, அந்தப் பொண்ணு எச்சிலு இன்னா தீர்த்தமா?" என்று கேட்பார்.

குசினிக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார். "உபதேசியாரே, ஒங்க வேல செபம். போய் மணி அடிங்க."

அவர் சாப்பிடுவதையும் பார்த்திருக்கிறேன். கேப்பைக் கூழ், ஒரு வெங்காயம். நின்றுகொண்டே குடித்துவிடுவார். ஏதோ பாக்கி வேலையை முடிக்கிற மாதிரி இருக்கும். வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்துவிட்டு, எதிரில் வருகிற பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார். "சாப்புடலாம் எம்மா. ருசி பாக்கக் கூடாது" என்பார். இதை அவர் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வெகுநாள் வரைக்கும் அதற்கு அர்த்தம் விளங்கவில்லை.

மாசத்துக்கு ஒரு தடவை விழுப்புரம் போவார். பூசைக்கு வேண்டிய திராட்சை ரசம், வெள்ளைக்காரர்கள் ஒயின் என்பது, புதுச்சேரியிலிருந்து வரும். அது வேறு சர்க்கார், பிரெஞ்சுக்காரர்களுடையது. எல்லையில் சோதனை எல்லாம் தாண்டி, ரயிலில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு வந்து பார்சல் ஆபீசில் கிடக்கும். இவர் போய் எடுத்துக்கொண்டு திண்டிவனம் வண்டி ஏறுவார். பார்சல் ஆபீஸ்காரர்களுக்கு இவர் ஒரு வேடிக்கை. ஒரு சமயம் என் வீட்டுக்காரரும் நானும் அந்த வண்டிக்குக் காத்திருந்தோம்.

"இன்னா குசினியாரே, வழியில ஒரு மூடி ஊத்திக்கினா சாமியாருக்குத் தெரியவா போவுது?" என்றான் ஒருத்தன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார். சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. பாட்டில்கள் இருந்த கூடையை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார். வண்டியில் அதை மேலே பலகையில் வைத்துவிட்டு, உட்கார இடமிருந்தும் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

இன்னொரு சமயம் ஓடுகிற வண்டியில் ஒரு பாட்டில் உடைந்து அவர் தோளில் கொட்டிவிட்டதாம். மயிலம் ஸ்டேஷனில் குதித்து இறங்கி, வேட்டி சட்டையோடு குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி போய்விட்டது. மீதிக் கூடையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் வரை நடந்தார். கூட்டேரிப்பட்டில் கடை வைத்திருந்த எங்கள் உறவுக்காரர் பார்த்திருக்கிறார். சொட்டச் சொட்ட நனைந்து, கூடையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரம் போனாராம். "கெணத்துல வுழுந்துட்டியா?" என்று கேட்டதற்கு, "இல்ல, தப்பிச்சிட்டேன்" என்றாராம்.

காரணத்தை அவரே என்னிடம் ஒரு நாள் சொன்னார். துவைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது. அதனாலேயே சொன்னாரோ என்னவோ.

சின்ன வயதில் புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் மேசை எடுக்கிற வேலை செய்தாராம். விருந்து முடிந்து கண்ணாடி டம்ளர்களை எடுத்துவந்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திராட்சை ரசம் மிச்சம் இருக்கும்.

"கீழ ஊத்த மனசு வரல எம்மா. இன்னாதான் இது, இதுக்குப் போயி இவ்ளோ பேசறானுங்களேன்னு நாக்குல வச்சிப் பாத்தேன். ருசிதான் பாத்தேன். அப்புறம் தெனம் பாத்தேன். அந்த தொரை இருக்காரே, எனக்கு நாக்கு இருக்குதுன்னு கண்டுபுடிச்சி, பாட்டில் தொறந்தா மொதல்ல என்னப் பாக்கச் சொல்லுவாரு. சந்தோசமா இருந்திச்சி. வேல போனப்புறம் அந்த நாக்கு சும்மா இருக்குமா? சாராயம், கள்ளு, எது கெடச்சாலும்."

பெண்சாதி அந்தக் காலத்தில்தான் இறந்துபோனாள். ஒரே பையன். அவனுக்கும் விஷக் காய்ச்சல் வந்து கண் சொருகிவிட்டது. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு புதுச்சேரிப் பக்கத்து மாதா கோயிலுக்குப் போய்ப் பொருத்தனை செய்திருக்கிறார்.

"இன்னான்னு வேண்டிக்கினீங்க?" என்றேன்.

"இவன பொழைக்க வை. இனிமே ஒரு சொட்டு இந்த நாக்குல பட்டா, குடுத்தத நீயே எடுத்துக்கோன்னேன்."

"அப்பிடியா வேண்டிக்குவாங்க பெரிப்பா?"

"அன்னிக்கி வாயில அதுதான் வந்திச்சி." மீனைத் திருப்பிப் போட்டார். "பொழைச்சிட்டான். அதான் ருசி பாக்கற வேலையே வச்சிக்கறதில்ல. நாக்கு ஒண்ணு பாத்தா இன்னொண்ணு கேக்கும்."

அந்தப் பையன் வளர்ந்து யுத்தத்தில் பட்டாளத்தில் சேர்ந்தான். விழுப்புரத்தில்தான் வண்டி ஏறினான். ஆரம்பத்தில் கடிதம் வந்தது. பர்மாப் பக்கம் போன பிறகு நின்றுவிட்டது. தபால்காரர் தெருவில் வருகிற நேரத்துக்கு இவர் குசினியை விட்டு வாசலுக்கு வந்து நிற்பார். தபால்காரர் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டுப் போவார். இவர் உள்ளே போய்விடுவார்.

யுத்தத்தால் பூசை ரசத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. பிரான்சிலிருந்து கப்பல் வருவது நின்றுபோயிற்று. புதுச்சேரியில் இருந்ததை எல்லாக் கோயில்களுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டார்கள். எங்கள் சாமியார் பூசைக்கு ஒரு சின்னக் கரண்டி அளவுதான் எடுப்பார். அப்படி மிச்சம் பிடித்து வைத்திருந்தது, அந்த வருஷத்துத் திருநாள் சமயத்தில், வெயிலுக்குப் புளித்துக் காடியாகிவிட்டது. காடியில் பூசை செய்தால் அது பூசையே இல்லை, பாவமும்கூட. குசினிக்காரர் விழுப்புரம் போய் இரண்டு வண்டி பார்த்துவிட்டு வெறுங்கூடையோடு வந்தார். பக்கத்துக் கோயில்களிலும் கேட்டாயிற்று. யாரிடமும் கொடுக்கிற மாதிரி இல்லை.

அந்தத் திருநாள் பூசை சாதாரணமானது இல்லை. பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளுக்காக ஒப்புக்கொடுப்பதாகச் சாமியார் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பனமலைப் பக்கத்திலிருந்தெல்லாம் தாய்மார்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டிகளில் வந்து கோயில் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். குசினிக்காரரும் மகன் பேரைச் சொல்லி வைத்திருந்தார்.

சாமியாரிடம் ஒரு பாட்டில் இருந்தது. அவர் பிரான்சிலிருந்து வந்தவர், வயதானவர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் புத்தகம் மாதிரியே பேசுவார். ஊரை விட்டுக் கிளம்பின அன்று அவர் அப்பா கொடுத்த சிவப்பு ரசம் அது. ஏதோ ஒரு வருஷத்துத் திராட்சை. அந்த வருஷத்துக்கே அவர்கள் நாட்டில் தனிப் பேராம், பெரிய மனிதர்கள் வீட்டில் பூட்டி வைத்து, பிள்ளை கல்யாணத்துக்குத் திறப்பார்களாம். சாமியார் தன் குருப்பட்டத்தின் ஐம்பதாவது வருஷத்துக்கு என்று வைத்திருந்தார். கட்டிலுக்கு அடியில், உமி நிரப்பின பெட்டியில், படுக்க வைத்திருக்கும். கோடையில் பெட்டியைச் சுற்றி மணல் கொட்டித் தண்ணீர் தெளிப்பது குசினிக்காரர் வேலை. பெட்டியைத் திறந்து நான் பார்த்ததில்லை.

திருநாளுக்கு முந்தின நாள் காலையில் அதை எடுக்கச் சொன்னார் சாமியார். உபதேசியார்தான் கொண்டுவந்தார். வரும்போதே ஆஸ்பத்திரி மருந்து மாதிரி நன்றாகக் குலுக்கிக்கொண்டு வந்தார்.

"குலுக்காத!" என்று குசினிக்காரர் கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன். உபதேசியார் பயந்து பாட்டிலைக் கிட்டத்தட்டப் போட்டுவிட்டார்.

"இன்னாய்யா, அடியில மண்டி தங்கிக் கிடக்குது. கலக்க வேணாமா? மருந்துன்னா கலக்கித்தானே குடிக்கறோம்?"

"அந்த மண்டிய பாட்டிலோட வுட்டுடணும். நீ இப்ப எல்லாத்தயும் எழுப்பி வுட்டுட்ட."

மண்டி அடங்கட்டும் என்று நிறுத்தி வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை காத்திருந்தோம். பிறகு குசினிக்காரர் திறந்தார். தக்கை பாதியில் பொடிந்துபோயிற்று. வடிகட்ட என்னிடம் துணி கேட்டார். துவைத்து மடித்த ஒன்றைக் கொடுத்தேன். முகர்ந்துவிட்டு, "சவுக்காரம் அடிக்குது. சவுக்காரம் படாதது குடு" என்றார். புதுத் துணி ஒன்றை வெறும் தண்ணீரில் அலசிப் பிழிந்து கொடுத்தேன். கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றினார். நான் சிவப்பு என்று நினைத்திருந்தேன். சிவப்பு இல்லை. நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் செங்கல் ஊறின தண்ணீர் நிறம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ருசி பார்த்துச் சொல்ல வேண்டியவர் சாமியார்தான். ஆனால் அவருக்குக் காய்ச்சல் வந்து கொயினா மாத்திரை சாப்பிட்டதிலிருந்து நாக்கும் மூக்கும் செத்துக் கிடந்தன. காய்ச்சல் போய்விட்டது, ருசி திரும்பவில்லை. சர்க்கரையும் அவருக்கு ஒன்றுதான், உப்பும் ஒன்றுதான். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். எங்களைப் பார்த்தார்.

"எனக்கு இது தண்ணீர்" என்றார்.

அடுத்து உபதேசியார் குடித்தார். முகத்தைச் சுளித்தார்.

"சாமி, இது போயிடுச்சி. கள்ளு மூணாம் நாள் இப்பிடித்தான் இருக்கும்."

"கள் மூன்றாம் நாள் எப்படி இருக்கும் என்று உபதேசியாருக்கு எப்படித் தெரியும்?" என்று சாமியார் கேட்டார்.

"ஊர்ல பேசிக்குவாங்க சாமி."

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உப்பு பார்க்கிறவள் என்று பேர் இருந்தது. குசினிக்காரர் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். நக்கினேன். திராட்சை ரசம் என்றால் இனிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இது துவர்த்தது. புளிப்பும் இருந்தது. ஏதோ மண்வாடை. "எனக்குப் புளிக்குது சாமி" என்றேன்.

"ரெண்டு சாட்சி ஆச்சி" என்றார் உபதேசியார்.

குசினிக்காரர் டம்ளரைக் கையில் வாங்கி மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி எடுத்து முகர்ந்தார்.

"மொதல்ல மூடிக்கினு இருந்திச்சி சாமி. இப்பதான் வாசன வருது. காடின்னா மூக்குல குத்தும். இது குத்தல."

"மூக்கு போதுமா? நிச்சயமாகச் சொல்ல முடியுமா?"

"போதாது சாமி. பழசுக்கும் காடிக்கும் நடுவுல இருக்கறது நாக்குலதான் தெரியும். நான் பாத்தும் எவ்ளோ வருஷம் ஆச்சி. தெரியுமோ தெரியாதோ."

சாமியாருக்குப் பொருத்தனை தெரியும். "பொருத்தனையை வேறொன்றாக மாற்றித் தர எனக்கு அதிகாரம் உண்டு" என்றார்.

"ஒங்களுக்கு அதிகாரம் இருக்குது சாமி. அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா நான் மாதாகிட்ட சொல்லும்போது நீங்க அங்க இல்லியே."

"நான் கட்டாயப்படுத்தமாட்டேன். சந்தேகமான ரசத்தில் பூசை வைக்கவும் மாட்டேன். நாளைக்குப் பூசை இல்லை என்று அந்தத் தாய்மாரிடம் நானே போய்ச் சொல்லுகிறேன்."

சாமியார் எழுந்து குல்லாவைத் தேடினார். மைதானத்தில் யாரோ பாட்டுப் பாடி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் குரல் பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தது. பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகளின் பேர்கள். எங்கள் தெருப் பேர்களும் வந்தன. குசினிக்காரர் மகன் பேரும் வந்தது.

"இருங்க சாமி" என்றார். "வாயில வச்சிப் பாத்துட்டு துப்பிடறேன். தொரை வூட்லயே அப்பிடிச் செய்யறவங்க இருந்தாங்க. முழுங்கினாதானே குடிச்ச கணக்கு?"

கேட்டது சாமியாரையா, வேறு யாரையா, தெரியவில்லை. ஒரு சொட்டு நாக்கில் பட்டாலே என்றுதான் வேண்டிக்கொண்டார் என்று எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்கும். டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். காயப்போட்டிருந்த துணிகளை எடுக்க நானும் போனேன்.

வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு துப்புவதற்கு வாழையடியில் குனிந்தார். குனிந்தபடியே நின்றார். வெகுநேரம் நின்ற மாதிரி இருந்தது. துப்பவில்லை. தொண்டை அசைந்ததைப் பார்த்தேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "முழுங்கிட்டேன் எம்மா" என்றார்.

நான் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய், "காடி இல்ல சாமி. கெழமாயிடுச்சி. ஆனா சாவல" என்றார். "பூசை வைக்கலாம்."

உபதேசியார் மணியடிக்கப் போய்விட்டார். சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். "என் தகப்பனார் கொடுத்தது. எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார்.

குசினிக்காரர் நின்றுகொண்டே சொன்னார். "மழை வுட்டதும் காளான் பறிக்கப் போவோம்ல சாமி, அந்த எடத்து வாசன மொதல்ல. அப்புறம் மாட்டுக் கழுத்துல கட்டற தோல்வாரு, நல்லா பழகினது. சுருட்டு வச்ச பொட்டி. பழம் இருக்குது, ஆனா பறிச்ச பழம் இல்ல. நாவப்பழம் காஞ்சி சருகுக்குள்ள கெடந்தா எப்பிடி, அப்பிடி. இது சின்ன வயசுல நாக்க புடிச்சி இழுத்திருக்கும். இப்ப கைய புடிச்சிக்கினு கூட வர்ற மாதிரி இருக்குது."

"முடிவில்?"

"முடியல சாமி. இன்னும் வாயிலயே இருக்குது."

சாமியார் தலையை ஆட்டினார். டம்ளரில் மிச்சமிருந்ததைத் தானே எடுத்து இன்னொரு தடவை குடித்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

குசினிக்காரர் பாட்டிலை வேறு தக்கை போட்டு மூடி, நான் பூசைத் துணி வைக்கிற அலமாரிக்குள் வைத்தார். பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "நான் கேட்டாலும் குடுக்காத. இன்னா சொல்லிக் கேட்டாலும்" என்றார். அவர் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குள் குசினிக்கும் அலமாரி இருந்த அறைக்கும் நடுவில் அவர் பலமுறை நடந்ததைப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டேன்.

பூசை நடந்தது. கூட்டம் கோயிலுக்குள் கொள்ளவில்லை. பூசைப் பாத்திரம் துடைத்த துணியில் அன்றைக்கு முதல் தடவையாகக் கறை இருந்தது. வழக்கமாக வருகிற வெள்ளை ரசத்துக்குக் கறை கிடையாது. இது தேயிலைக் கறை மாதிரி பழுப்பாக இருந்தது.

பூசை முடிந்து தேர் கிளம்புவதற்குள் குசினிக்காரர் போய்விட்டார். பொருத்தனை செய்த அந்த மாதா கோயிலுக்கு, நடந்தே. ரயில் இருந்தது. ஏறவில்லை. மகனைத் தோளில் போட்டுக்கொண்டு போனதும் நடந்துதான் என்று பிறகு சொன்னார். திரும்பி வந்தபோது கால் வீங்கியிருந்தது. சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன்.

"மாதாகிட்ட இன்னா சொன்னீங்க பெரிப்பா?"

"ஒண்ணும் சொல்லல. அவ்ளோ தூரம் நடந்தும் அந்த ருசி போவல எம்மா. வாய் நாறுதேன்னு வாசப்படியிலயே நின்னுட்டு வந்துட்டேன்."

மகன் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான். யுத்தம் முடிந்து, ஒரு கால் சற்றே இழுக்க, உயிரோடு வந்து சேர்ந்தான். பட்டாளத்து ரம்மும் கூடவே வந்தது. இங்கே மதுவிலக்கு வந்த பிறகு புதுச்சேரிக்கே சைக்கிளில் போய்க் குடித்துவிட்டு வந்தான். சில நாள் சைக்கிள் மட்டும் யாராவது கொண்டுவந்து விடுவார்கள், அவன் பிறகு வருவான். உபதேசியார் ஒரு தடவை, "இன்னாய்யா, நீ வுட்டத அவன் புடிச்சிக்கினான்" என்று சொன்னார்.

"குடிக்கறதுக்கு ஆளு உசுரோட இருக்குதுல்ல" என்றார் குசினிக்காரர்.

மகனை அவர் திட்டி நான் கேட்டதில்லை. போதையில் வந்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்காராமல் எழுந்து போய்விடுவார். கடைசி வரைக்கும் உப்பு பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார். அந்த ரசத்தைப் பற்றி அப்புறம் ஒரு தடவைதான் பேசினார். நன்றாக மழை பெய்து விட்டிருந்தது. குசினி வாசலில் நின்றவர், "வருது பாரு எம்மா, அந்த வாசன" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். திருநாளுக்கு மறுநாள், அவர் மாதா கோயிலுக்குப் போயிருந்ததால், குசினியில் நான்தான் அடுப்பு மூட்டினேன். சாமியாருக்குக் கஞ்சி வைத்தேன். நாக்கு செத்தவர்தானே, தெரியவா போகிறது என்று உப்பைக் கையால் அள்ளிப் போட்டேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். "உப்பு அதிகமாக இருக்கிறது" என்றார். வேறு கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.